போலீஸ்காரர் இறந்த பிறகு: ஓய்வூதியம் யாருக்கு, தாள் யாரிடம்?



நமது நாட்டில் சீருடை அணிந்த ஒருவர் பணியில் உயிர் துறந்தால் தேசமே எழுந்து நிற்கிறது. 2013 மார்ச் மாதம் சபாவில் லகாட் டத்துவிலும் செம்பூர்ணாவிலும் ஊடுருவல்காரர்களின் தோட்டாக்களுக்கு எட்டு போலீஸ்காரர்கள் பலியானபோது அப்படித்தான் நடந்தது. 2024 மே 17-ஆம் தேதி ஜொகூர், உலு திராம் நிலையத்தில் இரண்டு இளம் கான்ஸ்டபிள்கள் கொல்லப்பட்டபோதும் அப்படித்தான் நடந்தது. அமைச்சர்கள் வீடு தேடி வந்தார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது. அது முறைதான், நாம் குறை சொல்லவில்லை.

ஆனால் முப்பது வருடம் சேவை செய்து, ஓய்வு பெற்று, மலிவு விலை அடுக்கு மாடி வீட்டில் நீரிழிவோடும் முட்டி வலியோடும் காலம் தள்ளி, ஒரு நாள் விடியற்காலையில் மூச்சு நின்று போகும் நம் கோப்ரல்களையும் சார்ஜன்களையும் நினைத்துப் பார்த்தீர்களா? அவர்கள் வீட்டுக்கு அமைச்சர் வருவதில்லை. கருமக்கிரியை முடிந்த மறுநாள் அந்த வீட்டு அம்மா எந்த இலாகாவுக்குப் போக வேண்டும், எந்தத் தாளைக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லவும் ஆள் இல்லை. ஷா ஆலம், பாடாங் ஜாவா, கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் என்று எங்கே போனாலும் இந்தக் கதை ஒன்றுதான். இந்தத் தலையங்கம் அவர்களுக்காக எழுதப்படுகிறது.

"போலீஸைப் பற்றி நீங்களா பேசுகிறீர்கள்?" என்று சிலர் கேட்கலாம். கேட்பது நியாயமே. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா, தைப்பான் நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்த குகன் இறந்தபோது நாம் என்ன பேசினோம் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் ஒரு சொல்லையும் நாம் திரும்பப் பெறப் போவதில்லை. தடுப்புக்காவல் மரணங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது அதிகாரம். அந்த அதிகாரத்தின் கடைசிப் படியில் நின்று, இரவுக் காவல் பார்த்து, மழையில் போக்குவரத்தைச் சீர்படுத்தி ஓய்ந்துபோன நம் தோட்டத்துப் பிள்ளையின் மனைவி வேறு. துன் முகமது சைடின் அப்துல்லா தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 2005-இல் 125 பரிந்துரைகளைக் கொடுத்தது. போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கும் சுயேச்சை ஆணையம் வேண்டும் என்ற ஒரு பரிந்துரையைத்தான் நாம் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதே அறிக்கை கீழ்நிலை போலீஸ்காரர்களின் சம்பளம், குடியிருப்பு ஆகியவற்றின் அவல நிலையையும் எடுத்துச் சொன்னது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதலில் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் எவ்வளவு இழக்கிறோம் என்று தெரிந்தால்தான் கோபம் வரும்.

1980-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின்படி, கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தைச் சேவை செய்த மாதங்களால் பெருக்கி 600-ஆல் வகுத்தால் வருவதுதான் மாத ஓய்வூதியம். ஒரு சார்ஜன் 25 வருடம், அதாவது 300 மாதம், சேவை செய்து 3,000 வெள்ளி சம்பளத்தில் ஓய்வு பெற்றால் அவருக்கு மாதம் 1,500 வெள்ளி. முப்பது வருடமானால் 1,800 வெள்ளி. எவ்வளவு காலம் சேவை செய்தாலும் சம்பளத்தில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் போகாது. இது தவிர, சம்பளத்தில் ஏழரை விழுக்காட்டை மாதங்களால் பெருக்கி ஒரே தொகையாகப் பணிக்கொடை கொடுப்பார்கள். அந்த 25 வருடக்காரருக்கு அது 67,500 வெள்ளி. மகளின் திருமணம், வீட்டுக் கடன், பழைய கார் என்று பெரும்பாலான குடும்பங்களில் அது மூன்று வருடம் தாங்காது. மிஞ்சுவது மாத ஓய்வூதியம் மட்டுமே.

அவர் இறந்துவிட்டால் அந்த ஓய்வூதியம் அவரோடு சுடுகாட்டுக்குப் போய்விடுவதில்லை. மலாயில் 'பென்சேன் தெர்பித்தான்' என்று சொல்கிறார்களே, அதுதான் இது: கணவனின் ஓய்வூதியத்திலிருந்து பிறந்து மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தொடர்கிற ஓய்வூதியம். பிள்ளைகளுக்கு 21 வயது வரை. உயர்கல்விக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தால் முதல் பட்டம் முடியும் வரை. மனத்தாலோ உடலாலோ நிரந்தரமாக இயலாத பிள்ளையாக இருந்தால் வயது வரம்பே கிடையாது. (வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருப்பதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு இந்த உரிமையைக் கேட்காமலே விட்டுவிடுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். கூச்சப்படாதீர்கள்.)

பணத்தைவிடப் பெரியது ஒன்று உண்டு. ஓய்வூதிய அட்டை. அந்த அட்டை இருந்தால் அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சை. மருத்துவமனையில் கிடைக்காத மருந்து, உபகரணம் ஆகியவற்றுக்கும் விண்ணப்பித்துச் செலவைக் கேட்கலாம். இந்த வசதி ஓய்வூதியம் தொடரும் மனைவிக்கும் உண்டு. அறுபது வயது தாண்டிய நம் அம்மாக்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இல்லை? அட்டை போனால் அவர்களுக்கு எல்லாம் போன மாதிரிதான்.

பணியில் அடிபட்டு உடல் ஊனமானவருக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. கடமையைச் செய்யும்போது, தன் தவறால் அல்லாமல் ஏற்பட்ட விபத்தால் காயமடைந்து அதனால் வேலையிலிருந்து விலக நேர்ந்தவருக்கு வழக்கமான ஓய்வூதியத்துக்கு மேல் ஊன ஓய்வூதியம் உண்டு. பணியிலேயே கொல்லப்பட்டால், அல்லது அப்படிப்பட்ட காயத்தால் இறந்தால், சார்ந்திருப்போர் ஓய்வூதியம் என்று தனியாக ஒன்று உண்டு. தொழிற்சாலையில் வேலை செய்கிற உங்களுக்கு சொக்சோ இருக்கிறது. நிரந்தர அரசாங்க ஊழியரான போலீஸ்காரருக்கு சொக்சோ கிடையாது. அவருக்கு இந்தச் சட்டம்தான் சொக்சோ.

இதெல்லாம் இருக்கும்போது எங்கே தவறுகிறது?

மூன்று இடத்தில் தவறுகிறது. அதில் மிகப் பெரியது திருமணப் பதிவு. அதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

1982 மார்ச் 1-ஆம் தேதியை மறக்காதீர்கள். திருமண மணவிலக்குச் சட்டம் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கோயிலிலோ வீட்டுப் பந்தலிலோ நம் வழக்கப்படி நடந்த திருமணம் முறையாக நடந்திருந்தால் போதும், பதிவு செய்ததாகவே சட்டம் அதை ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பின் நடந்த திருமணம் பதிவாளர் முன்னிலையிலோ, பதிவு அதிகாரம் பெற்ற உதவிப் பதிவாளர் முன்னிலையிலோ சட்டம் சொல்கிறபடி நடந்திருக்க வேண்டும். அந்த வருடம் மாசி மாதத் தொடக்கத்தில் தாலி கட்டிய அக்காள் சட்டத்தின் கண்ணில் மனைவி. அதே மாசியில் மார்ச் பிறந்த பிறகு, அதே கோயிலில், அதே குருக்கள் முன்னிலையில் தாலி கட்டிய தங்கை பதிவு செய்யவில்லை என்றால் கேள்விக்குறி!

"தாலி கட்டியாச்சு, ஊரே சாட்சி, இன்னும் என்ன தாள்?" என்று கேட்கும் பெரியவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். தமிழ்நாட்டு உறவினர்களும் அதையே சொல்வார்கள். தமிழ்நாட்டில் அது சரிதான். அங்கே 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி சடங்கு முறையில் நடந்த திருமணம் செல்லும், பதிவு இல்லை என்ற ஒரே காரணத்தால் செல்லாமல் போய்விடாது. நாம் இருப்பது மலேசியாவில். தொலைக்காட்சித் தொடரில் அம்மன் சன்னதியில் கட்டுகிற தாலி தேசியப் பதிவு இலாகாவின் கவுண்டரில் செல்லாது.

சட்டம் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அதே சட்டத்தின் 34-வது பிரிவு, பதிவாகவில்லை என்பதை மட்டுமே காரணமாகக் காட்டி ஒரு திருமணம் செல்லும் என்றோ செல்லாது என்றோ முடிவு கட்டக் கூடாது என்கிற பொருளில் அமைந்திருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு நாம் வாதாடுகிறோம். விபத்து இழப்பீட்டு வழக்குகளில் இந்த வாதத்தை ஏற்று, தாலி கட்டிய மனைவியை மனைவி என்றே ஒப்புக்கொண்ட நீதிபதிகள் உண்டு. ஏற்காத நீதிபதிகளும் உண்டு. ஆகவே கதவு முழுவதும் மூடவில்லை, ஆனால் அந்தக் கதவைத் தள்ள வழக்கறிஞர் வேண்டும், வருடங்கள் வேண்டும், பணம் வேண்டும். கணவனை இழந்த ஏழைப் பெண்ணிடம் இவற்றில் எது இருக்கிறது?

சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா என்னிடம் வந்தார். ஊரையும் பெயரையும் விட்டுவிடுகிறேன். 1984-இல் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருமணம். கணவர் கோப்ரலாக ஓய்வு பெற்றவர். அம்மா ஒரு பிளாஸ்டிக் பையில் வீட்டிலுள்ள தாள்களை எல்லாம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். திருமணப் புகைப்படம் இருந்தது, கோயில் ரசீது இருந்தது, பத்திரிகை இருந்தது. கணவரின் மருத்துவமனை அட்டையில் நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் 'இஸ்திரி', அதாவது மனைவி, என்று எழுதி அவர் பெயர் இருந்தது. கணவரின் பதக்கம்கூட ஒரு சிறு பெட்டியில் இருந்தது. திருமணச் சான்றிதழ் மட்டும் இல்லை. விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்த அலுவலகம் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. 'சான்றிதழ் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது' என்றார்களாம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரும் பாவம், அவருக்குக் கொடுக்கப்பட்ட பட்டியலில் உள்ளதைத்தான் கேட்டிருப்பார்.

"ஐயா, முப்பது வருஷம் அவரு துணியத் தொவச்சி அயன் பண்ணி அனுப்புனேன். இப்ப நான் அவருக்கு யாருன்னு கேக்குறாங்க" என்றார் அந்த அம்மா.

இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது. ஓய்வூதியச் சட்டம் பிள்ளை என்பதற்குக் கொடுக்கும் விளக்கம் விரிவானது. திருமண உறவுக்கு வெளியே பிறந்த பிள்ளையையும், வழக்கப்படி தத்தெடுத்ததற்கு நிரூபணம் இருக்கும் பிள்ளையையும்கூட அது சேர்த்துக்கொள்கிறது. ஆக, பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கு அப்பாவின் ஓய்வூதியத்தில் இடமுண்டு, பெற்ற தாய்க்கு இடமில்லை என்ற நிலை வருகிறது! அந்த அம்மாவின் பிள்ளைகளோ எல்லாரும் 21-ஐத் தாண்டி, திருமணமாகி, ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். முப்பது வருடச் சேவையின் பலன் யாருக்கும் இல்லாமல் நின்றுபோயிற்று.

வீடு, நிலம் என்று வந்தால் நிலைமை தலைகீழ். உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தைப் பங்கிடும் 1958-ஆம் ஆண்டு சட்டம் சட்டப்படியான திருமணத்தில் பிறந்த பிள்ளையைத்தான் பிள்ளை என்கிறது. அங்கே தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. இறந்தவரின் அண்ணன் தம்பிகள் வந்து நிற்பார்கள். ஓய்வூதியம் என்பது இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து அல்ல, அது ஓய்வூதியச் சட்டப்படி நேராகக் குடும்பத்துக்குப் போவது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொழுந்தன் வந்து "அண்ணன் பென்ஷனில் எனக்கும் பங்கு" என்றால் வாசலைக் காட்டலாம்.

இரண்டாவது தவறு பிறப்புச் சான்றிதழில் நடக்கிறது. தாயும் தகப்பனும் பதிவு செய்யாதவர்கள் என்றால், இருவரும் சேர்ந்து கேட்டுக் கையொப்பம் இட்டால்தான் தகப்பன் பெயரை எழுதுவார்கள். 1957-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. நம்மவர் பணியில் இருப்பார், வர முடியாது. பாட்டி போய்ப் பதிந்துவிட்டு வருவார். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. இருபது வருடம் கழித்து அந்தக் கோடு பேசும். பெயரில் உள்ள எழுத்து மாற்றங்களும் இப்படித்தான். அடையாள அட்டையில் 'முனியாண்டி', சேவைப் பதிவேட்டில் 'முனியண்டி', பிள்ளையின் சான்றிதழில் 'முனாண்டி'. மூன்றும் ஒரே ஆள் என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுப்பதிலேயே என்னைப் போன்றவர்களின் பாதி நாள் போகிறது.

மூன்றாவது, அடிபட்ட அன்று எழுதி வைக்காதது. போலீஸ்காரர்களிடம் ஒரு வீம்பு உண்டு. மோட்டார் சைக்கிள் சறுக்கி முதுகில் அடிபட்டால் தைலம் தடவிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போவார்கள். பதினைந்து வருடம் கழித்து முதுகெலும்பு பேசும்போது, அது பணியில் பட்ட காயம் என்று யார் சொல்வது? கூட இருந்தவர்கள் மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ போயிருப்பார்கள். அன்றே எழுதிய புகார், அன்றே பார்த்த டாக்டரின் குறிப்பு, சேவைப் பதிவேட்டில் ஒரு வரி, இவை இல்லாமல் ஊன ஓய்வூதியத்தைக் கேட்பது பல்லில்லாமல் கரும்பு கடிப்பது போல. இன்று சேவையில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோரே, இதை அவர்களிடம் சொல்லுங்கள்.

ஊனமும் மரணமும் மதமும் ஒன்றாகச் சேர்ந்தால் என்னவாகும் என்பதை இந்தச் சமுதாயம் ஒரு முறை கண்ணால் பார்த்திருக்கிறது. அவர் போலீஸ்காரர் அல்ல, இராணுவ வீரர். 1997 எவரெஸ்ட் குழுவில் இருந்த மூர்த்தி. 1998-இல் பயிற்சியில் ஏற்பட்ட விபத்தால் உடல் செயலிழந்து சக்கர நாற்காலிக்குப் போனவர், 2005 டிசம்பர் 20-ஆம் தேதி இறந்தார். அவர் மதம் மாறிவிட்டார் என்று சமய இலாகா சொன்னது, மனைவி மறுத்தார். டிசம்பர் 28-ஆம் தேதி கோலாலம்பூர் உயர்நீதிமன்றம், ஷரியா நீதிமன்றத்தின் முடிவில் தன்னால் தலையிட முடியாது என்று சொல்லிவிட்டது. 2010-இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. மனைவியின் சொல்லைக் கேட்க ஒரு நீதிமன்றமும் இல்லை என்ற அந்த நாள் நம் பலரைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, திருமண மணவிலக்குச் சட்டத்தில் கொண்டுவரப்பட்ட திருத்தம் 2018 டிசம்பர் 15-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. மதம் மாறியவர், மாறாத துணையுடனான திருமணம் கலையாமலே இறந்துவிட்டால், அந்தத் துணையும் பிள்ளைகளும் பெற்றோரும் சொத்தில் பங்கு கேட்டு நீதிமன்றம் போகலாம் என்கிறது அது. மூர்த்தியின் குடும்பத்துக்குக் காலம் கடந்து வந்தது என்றாலும், நமக்குப் பின் வருபவர்களுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கிறது. இந்த வழியிலும் மனைவி முதலில் நிரூபிக்க வேண்டியது சட்டப்படியான திருமணத்தைத்தான்!

இனி அரசாங்கத்தைப் பார்த்துப் பேசுவோம். தவறெல்லாம் நம் மக்கள் மீதே என்று சொல்லிவிட்டுப் போக நாம் வரவில்லை.

ஓய்வூதியம் என்பது கருணையா, உரிமையா? 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-வது பிரிவு, எந்த அதிகாரிக்கும் ஓய்வூதியத்தின் மீது முழுமையான உரிமை கிடையாது என்கிறது. ஒழுங்கு நடவடிக்கையில் வேலை நீக்கம் செய்யப்பட்டவர் அத்தனை வருடச் சேவையையும் இழந்து வெறுங்கையோடு வீடு திரும்புவது இதனால்தான். ஆனால் சட்டத்துக்கெல்லாம் மேலே கூட்டரசு அரசமைப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 132-வது விதி போலீஸ் படையைப் பொதுச் சேவைகளில் ஒன்றாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 147-வது விதி, பொதுச் சேவையில் இருந்தவருக்கோ அவர் விதவைக்கோ பிள்ளைகளுக்கோ வழங்கப்பட்ட ஓய்வூதியத்தை, பின்னால் வரும் எந்தச் சட்டமும் அவர்களுக்குப் பாதகமாக மாற்ற முடியாது என்கிறது. கவனியுங்கள், விதவை என்ற சொல் அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது.

அது வெறும் எழுத்து இல்லை என்பதை வெளியுறவு அமைச்சில் பணியாற்றி ஓய்வு பெற்ற அமினா அகமது என்ற பெண்மணியும் அவரோடு சேர்ந்த 56 பேரும் காட்டினார்கள். முன்பெல்லாம் பணியில் இருப்பவர்களின் சம்பளம் திருத்தப்படும்போது ஓய்வூதியமும் சேர்ந்து உயர்ந்தது. 2013-இல் அரசாங்கம் அதை மாற்றி, வருடத்துக்கு 2 விழுக்காடு என்று நிர்ணயித்தது. இது எங்களுக்குப் பாதகம் என்று இவர்கள் வழக்குப் போட்டார்கள். 2022 ஜனவரி 13-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் திருத்தம் 147-வது விதிக்கு முரணானது, செல்லாது என்றது. 2023 ஜூன் 27-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஓய்வு பெற்ற முதியவர்கள் கையில் கொடி பிடிக்காமல், ஒரு மனுவைப் பிடித்துக்கொண்டு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார்கள். அந்தத் தீர்ப்பு மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று பார்க்கவில்லை. பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து வந்து போலீஸில் சேர்ந்து ஓய்வு பெற்ற ஒரு தமிழருக்கும் அது பொருந்தும்.

ஆகவே நாம் கேட்பது பிச்சை இல்லை. விதவையின் உரிமையை அரசமைப்புச் சட்டமே பேசும்போது, அவர் விதவை என்பதை நிரூபிக்க ஒரே ஒரு தாளைத்தான் ஏற்போம் என்று ஓர் இலாகா சொல்வது நியாயமா? முப்பது வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்ததற்கும், பிள்ளைகள் பெற்றதற்கும், அரசாங்கத்தின் சொந்தக் கோப்புகளிலேயே மனைவி என்று எழுதப்பட்டதற்கும் மதிப்பு இல்லையா? திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையை ஏற்கும் அளவுக்குப் பெரிய மனது ஓய்வூதியச் சட்டத்துக்கு இருக்கிறது. அதே சட்டத்தில், வழக்கப்படி மணந்து நீண்ட காலம் வாழ்ந்த மனைவியை மற்ற ஆதாரங்களைக் கொண்டு ஏற்கலாம் என்று ஒரு வரி சேர்க்க எத்தனை நாள் ஆகும்? போலி மனைவிகள் வந்துவிடுவார்கள் என்று பயம் காட்டுவார்கள். ஆதாரத்தை எடைபோட்டு உண்மையைக் கண்டுபிடிக்கத்தான் அதிகாரிகளும் நீதிமன்றங்களும் இருக்கின்றன. நம் தொகுதிகளில் ஓட்டுக் கேட்டு வரும் அத்தனை கட்சியினரிடமும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். கட்சி எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

ஓய்வு பெறும் நாளில் ஒரு விருந்து, ஒரு நினைவுப் பரிசு, ஒரு புகைப்படம் என்று அனுப்பி வைக்கிறார்களே, அன்றைக்கே அவரையும் மனைவியையும் உட்கார வைத்து, "உங்கள் திருமணச் சான்றிதழ் கோப்பில் இருக்கிறதா?" என்று தமிழில் கேட்க ஓர் ஆள் போதாதா?

அரசாங்கம் திருந்தும் வரை காத்திருக்க முடியாது. ஆகவே உங்களுக்குச் சில வார்த்தைகள்.

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ போலீஸ், இராணுவம், சிறை, தீயணைப்பு என்று எந்த இலாகாவிலாவது இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் இருந்தால், அவருடைய திருமணச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். 1982 மார்ச்சுக்குப் பின் மணந்து, சான்றிதழ் இல்லை என்றால், இருவரும் உயிரோடு இருக்கும்போதே தேசியப் பதிவு இலாகாவுக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள். பேரப்பிள்ளை எடுத்த வயதில் என்ன பதிவு என்று வெட்கப்பட வேண்டாம். ஒருவர் கண் மூடிய பிறகு எந்தப் பதிவாளராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்டவர் என்றால், பதிவு செய்தவுடன் சான்றிதழின் நகலை ஓய்வூதியத்தைக் கவனிக்கும் இடத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு எழுத்து மூலம் பதில் வாங்கி வையுங்கள். 2015 நவம்பரிலிருந்து அந்தப் பொறுப்பு பொதுச் சேவை இலாகாவிடமிருந்து 'குவாப்' எனப்படும் ஓய்வூதிய நிதிக்கு மாறிவிட்டது. பழைய கடிதத் தலைப்பைப் பார்த்து இன்னும் புத்ராஜெயாவுக்கு அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

1982-க்கு முன் மணந்தவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் திருமணம் செல்லும். ஆனால் அது எந்தத் தேதியில் எங்கே நடந்தது என்று சொல்லக்கூடிய சாட்சிகளுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. அவர்கள் இருக்கும்போதே ஒரு சத்தியப் பிரமாணம் எழுதி வாங்குங்கள். தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டம் ஆனபோது எத்தனை கோயில்கள் இடம் மாறின, எத்தனை கோயில் பதிவேடுகள் கறையான் தின்றன என்பது ஷா ஆலம்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஓய்வு பெற்றவர் இறந்துவிட்டால் உடனே தெரிவியுங்கள். துக்கத்தில் மறந்து இரண்டு மூன்று மாதம் அவர் பெயரில் வந்த பணத்தை வங்கி அட்டையில் எடுத்துச் செலவழித்துவிட்டு, பிறகு திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும்போது திகைக்கிற குடும்பங்கள் ஏராளம்.

யாராவது கவுண்டரில் "முடியாது" என்று சொன்னால், வாயால் சொன்னதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பாதீர்கள். "இதை எழுத்தில் கொடுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுதிக் கொடுக்கட்டும். அந்த ஒரு தாள் இருந்தால் நாங்கள் நீதிமன்றம் போக முடியும். அது இல்லாமல் எதை எதிர்த்து வழக்குப் போடுவது? வசதி இல்லாதவர்களுக்கு அரசாங்கச் சட்ட உதவி இலாகாவும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கின்றன. சிலாங்கூர்க்காரர்களுக்கு அந்த மையம் ஷா ஆலமிலேயே இருக்கிறது. போகும்போது பிளாஸ்டிக் பையில் உள்ள எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள், பழைய கோயில் ரசீது உட்பட. எது உதவும், எது உதவாது என்பதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களில் பெரும்பாலோர் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். இணையம் பார்க்காத உங்கள் தாத்தாவுக்கும் பக்கத்து வீட்டு சார்ஜனுக்கும் இதை அச்செடுத்துக் கொடுங்கள், அல்லது உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். வாசித்து முடித்ததும் அந்த அம்மாவிடம் கேளுங்கள், சான்றிதழ் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று.